மாமாவுக்கு ஒரே ஒரு சுரம்

(எங்கள் சேர்ந்திசைக் குழுவின் அரட்டை. குரல்கள் மேலிருந்து கீழாக: சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்.)

பேஸ் மாமா: நேற்றுப் பயிற்சியிலேயே கேட்டிருப்பேன், எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கேயும் எல்லோரும்தான் இருக்கிறீர்கள், சரி. ஜார்ஜியப் பாட்டில் எனக்கு ஒரே ஒரு சுரம்தானா? மூன்றரை நிமிடம் "ஓ" என்று நிற்க வேண்டுமா?

டெனர் தம்பி: நடுவில் ஓர் இடத்தில் கீழே இறங்குகிறீர்களே மாமா

பேஸ் மாமா: ரொம்ப நன்றிப்பா

பயிற்சி அக்கா: மாமா, கோபப்படாமல் கேளுங்கள். இது ஜார்ஜியா நாட்டின் கிழக்கில், காகெத்திப் பக்கம், விருந்து மேசையில் பாடுகிற வகை. அங்கே மேலே அலைகிற இரண்டு குரலையும் ஆளுக்கொருவராகத்தான் பாடுவார்கள். மீதி மேசை முழுக்க உங்கள் வரிதான். அதற்குப் பெயர் பானி.

ஆல்ட்டோ அத்தை: நம் தம்புரா மாதிரியா?

பயிற்சி அக்கா: பாதி அப்படி. தம்புரா பாட்டு முடிகிற வரை ஆதார சுருதியை விட்டு நகராது. பானி நகரும். தம்பி கிண்டல் செய்தானே, அந்த ஓர் இடம்தான் பாட்டிலேயே பெரிய இடம். மேலே பாடுகிறவர்களுக்குத் தரையே மாறிவிடும். நேற்று மாமா அங்கே அரைக்கால் தாமதமாக இறங்கினார், சோப்ரானோ இரண்டு பேரும் விழுந்தார்கள்.

பேஸ் மாமா: அது நானா? அவர்கள் சுருதி விட்டுவிட்டார்கள் என்றல்லவா நினைத்தேன்

பயிற்சி அக்கா: நீங்கள்தான் 🙂
இன்னொன்று. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் ஒரு ஜார்ஜியப் பாட்டு இருக்கிறது, சாக்ருலோ. அதுவும் இதே வகைதான்.

பேஸ் மாமா: அதாவது ஒற்றைச் சுரம் பிடித்த ஆட்கள் கோள்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்

டெனர் தம்பி: இனிமேல் மாமாவைப் பிடிக்க முடியாது

பேஸ் அண்ணா: மாமா, நமக்குச் சிக்கல் சுரத்தில் இல்லை, மூச்சில். நேற்று நீங்களும் நானும் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தோம். மேலே இருந்தவர்கள் அந்தரத்தில் தொங்கினார்கள்.

பயிற்சி அக்கா: ஆமாம். பக்கத்தில் இருப்பவர் எடுக்கிற இடத்தில் நீங்கள் எடுக்கக் கூடாது. வரி முடிகிற இடத்திலும் கூடாது, அங்கேதான் எல்லோருக்கும் கை அரிக்கும். சொல்லுக்கு நடுவில் எடுங்கள். திரும்ப நுழையும்போது மெதுவாக, யாரும் கவனிக்காத மாதிரி.

மாடி வீட்டு அண்ணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாடி வீட்டு அண்ணி: மன்னிக்கவும், வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டியது

ஆல்ட்டோ அத்தை: பாட்டு வரிகளைத் தமிழில் தட்டி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். தலைப்பே "ம்ரவல்ழாமியேர்".

பயிற்சி அக்கா: அத்தை, அந்த ழ!!

ஆல்ட்டோ அத்தை: இசட் எச் என்று பார்த்ததும் கை தானாக ழ போட்டுவிட்டது

பயிற்சி அக்கா: அது நம் ழ இல்லை. 'ஷ' சொல்லுங்கள், அப்படியே தொண்டை அதிர இழுங்கள். வருகிறதே, அதுதான். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. பொருள் "பல காலம்". நீடூழி வாழ்க என்று வாழ்த்துவது.

ஆல்ட்டோ அத்தை: பல்லாண்டு பல்லாண்டு!

பயிற்சி அக்கா: அதேதான். ஆகவே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பாட வேண்டாம், டெனர் பக்கம் சொல்கிறேன்.
க விஷயமும் இருக்கிறது. அந்த மொழியில் மூன்று: தங்கத்தில் வருகிற க, காற்றைத் தள்ளிச் சொல்கிற க, மூச்சை அடைத்துத் தொண்டையிலிருந்து டப்பென்று வெடிக்கிற க. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து.

ஆல்ட்டோ அத்தை: அப்படியானால் வெடிக்கிற க சிவப்பு மையில். த, ப?

பயிற்சி அக்கா: அவையும் அப்படியே மூன்று மூன்று.

ஆல்ட்டோ அத்தை: சிவப்பு மை போதாது

டெனர் தம்பி: தென்னாப்பிரிக்கச் சூலு மொழிப் பாட்டையும் இப்பவே தட்டிவிடுங்கள் அத்தை. அதில் நாக்கைச் சொடுக்குகிற எழுத்து வேறு

பயிற்சி அக்கா: அது நமக்குச் சுலபம். ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவோமே, சூலுவில் ஆங்கில 'சி' எழுத்துக்கு அந்த ஒலிதான். அந்தப் பாட்டு வகையின் பெயரிலேயே அது இருக்கிறது: இசி, ஓர் உச்சு, அத்தமியா. பதுங்கி மெல்ல நடப்பது என்கிற சொல்லிலிருந்து வந்தது. சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர்கள் விடுதிகளில் இரவில் காவலாளி எழுந்துவிடாமல் நுனிக்காலில் ஆடிப் பாடினார்கள் என்று சொல்வார்கள். அதனால் தரையைத் தொம்தொம் என்று மிதிக்க வேண்டாம். நேற்று மிதித்தீர்கள்.

மாடி வீட்டு அண்ணி: என் பெண் காலையிலிருந்து உச்சுக் கொட்டிக்கொண்டே இருக்கிறாள். பல்லி சொல்கிறது என்று மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டெனர் தம்பி: 😂 என்ன உடை அக்கா? அந்தந்த நாட்டு உடை போடலாமா?

பயிற்சி அக்கா: வேண்டாம். பாட்டைக் கற்றுக்கொண்டோம், அந்த ஊர்க்காரர்களாக வேஷம் போட வேண்டியதில்லை. எப்போதும் போல் கறுப்பு.

பேஸ் மாமா: குரல் பதிவு 3:34

டெனர் தம்பி: முழுக்கக் கேட்டேன். ஓர் இடத்தில்கூட அறுபடவில்லையே மாமா! எங்கே மூச்சு விட்டீர்கள்?

பேஸ் அண்ணா: நான் மாமா வீட்டில்தான் இருக்கிறேன்

பயிற்சி அக்கா: இறங்குகிற இடம்கூடச் சரியாக இருக்கிறது. இரண்டு பேரும் அப்படியே தூங்கிவிடுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்.