மகளின் முதுகு வளைவு 104 டிகிரி: ஹாலோ போட்டவர்கள் சொல்லுங்கள்

மகளுக்கு 14 வயது. ஊர் திண்டுக்கல் பக்கம். ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து திருகிக்கொள்வது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் காப் கோணம் 104 டிகிரி.

11 வயதில் 38 டிகிரி இருந்தபோது, வளைவு கூடாமல் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் கொடுத்தார்கள். வெயிலில் வேர்த்து, இடுப்பில் புண்ணாகி, பள்ளிக்குப் போட்டுப் போக மாட்டேன் என்றாள். நானும் விட்டுவிட்டேன். என் தப்புதான். அப்புறம் ஒன்றரை வருடம் பிசியோதெரபி, நடுவில் ஒரு வர்ம வைத்தியர். வளைவு நிற்கவில்லை. இப்போது மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். சீருடையில் வலது தோளை மட்டும் தையல்காரர் ஏற்றித் தைக்கிறார்.

எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தில் கோளாறு இல்லை. கால் மரத்துப் போவதில்லை. மூச்சுத் திறன் சோதனையில் எஃப்.வி.சி., அதாவது முழுதாக இழுத்து வேகமாக ஊதி வெளிவிடும் காற்றின் அளவு, இருக்க வேண்டியதில் 46 சதவீதம்தான்.

முதல் டாக்டர் இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்கிறார். மண்டையோட்டில் திருகுகளால் ஹாலோ என்ற வளையம் பொருத்தி, எடை கட்டி 4 முதல் 6 வாரம் மெல்ல இழுப்பது. வளைவு தளர்ந்த பின் கம்பியும் திருகும் வைத்து எலும்புகளை இணைப்பது. ஒரேயடியாக நிமிர்த்தினால் தண்டுவடம் இழுபட்டு கால் செயலிழக்கும் ஆபத்து கூடுமாம். இரண்டாவது டாக்டரோ, அறுவையின்போதே நரம்புக் கண்காணிப்பு இருக்கிறது, ஒரே அறுவையில் முடிக்கலாம் என்கிறார். வளையத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

100 டிகிரிக்கு மேல் வளைவுள்ள பிள்ளைக்கு ஹாலோ போட்டவர்களே, அந்த வாரங்களில் வளைவும் மூச்சும் எவ்வளவு தேறின?