பிங்க் ஃபிளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' யாரைப் பற்றிய பாடல்?

கேள்வி:
பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்ட் 1975இல் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பின் இந்த நீண்ட பாடலைப் பலமுறை கேட்டும் அதன் வரிகள் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. குழுவின் முன்னாள் உறுப்பினர் சிட் பாரெட் உடல் பருத்து, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து நின்ற அதிர்ச்சியில்தான் இது எழுதப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

மறுமொழி 1:
காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. பாரெட் அபி ரோடு கூடத்துக்கு வந்தது 1975 ஜூனில். பாடலோ 1974லேயே மேடையேறிவிட்டது. குழுவின் தொடக்ககால முதன்மைப் பாடலாசிரியரான அவர், எல்.எஸ்.டி. போதைப்பொருள் பழக்கமும் மனநலச் சிதைவும் சேர்ந்து வாட்டியதால் 1968இல் விலக நேர்ந்தது. இளமையில் ஒளிர்ந்த கண்கள் பின்னர் வெறுமையானதைப் பற்றி குழுவின் பாஸ் கிதார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் எழுதிய வரிகள், அந்தப் பழைய இழப்பிலிருந்து பிறந்தவை. பழைய நண்பர்களே முதலில் அடையாளம் காணாத அந்த வருகை, ஏற்கெனவே எழுதியதை மேலும் கனமாக்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாரெட்டுக்கான இரங்கற்பாவாக மட்டும் இதைப் படித்தால் பாதிப் பொருள் நழுவிவிடும். வாழ்வின் துயரத்தைத் தாங்க மாட்டாமல் தமக்குள் ஒடுங்கிவிடுவோருக்கு அவர் ஒரு குறியீடு என்று வாட்டர்ஸே விளக்கியிருக்கிறார். பாடலை இரண்டாகப் பிரித்துத் தொகுப்பின் இரு முனைகளிலும் வைத்து, இசை வணிகத்தின் பேராசையைச் சாடும் 'வெல்கம் டு த மெஷின்', 'ஹேவ் எ சிகார்' ஆகியவற்றை இடையில் வைத்திருப்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கைகுலுக்கும் இருவரில் ஒருவர் தீப்பற்றி எரியும் அட்டைப்படமும் அதே திசையையே காட்டுகிறது என்பது என் கருத்து.