ஒன்றாம் வகுப்பில் பாட்டும் விளையாட்டும் போதுமா?

கரூர் அப்பா:
யூகேஜி வரை பையன் தனியார் பள்ளியில்தான் படித்தான். ஃபீஸ் கட்டி மாளவில்லை, அதனால் இந்த ஜூனில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்துவிட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு, நோட்டைத் திறந்தால் நாலு பக்கம்கூட நிரம்பவில்லை. இன்னைக்கு என்னடா படிச்சேன்னு கேட்டால் பாட்டு பாடினோம், கொட்டை வச்சு விளையாடினோம் என்கிறான். பக்கத்து வீட்டுப் பொண்ணு பழைய பள்ளியிலேயே இருக்கிறாள், 1 முதல் 100 வரை கடகடவென்று எழுதுகிறாள், இங்கிலீஷில் கர்சிவ் வேறு. பள்ளி வாசலில் "எண்ணும் எழுத்தும்" என்று, சின்ன வகுப்புகளுக்கான அரசுத் திட்டமாம், பெரிய பேனர் தொங்குகிறது, எனக்கு எண்ணையும் காணோம், எழுத்தையும் காணோம். திரும்ப மாற்றிவிடலாமா? வீட்டில் தினமும் இதே சண்டை.

கணக்குப்புலி:
மாத்திடுங்க சார், யோசிக்கவே வேண்டாம். நான் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். மூணாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகளில் கூட்டல் தெரியாமல் வருபவர்கள் நிறைய. ஆரம்பத்திலேயே எழுத வைத்துக் கையைப் பழக்காவிட்டால் அப்புறம் பிடிக்க முடியாது.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
மாற்றுவது உங்கள் விருப்பம் சார். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையை அந்தப் பொண்ணு முன்னால் வைத்து, "ஏழு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். 100 வரை எழுதும் குழந்தை ஒரு கை அள்ளி நீட்டும், இதை வருஷா வருஷம் பார்க்கிறேன். சரியாகவே எடுத்தாலும், கொட்டையைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு "இப்ப எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். எண்ணி முடிக்கும்போது கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பதே அந்த வயதில் தனியாகக் கற்க வேண்டிய விஷயம். அது வராமல் 100 வரை எழுதுவது கோலம் போடுவது மாதிரிதான், கைக்குத்தான் வேலை.

உங்கள் பையன் கொட்டை வைத்து விளையாடியது அந்தக் கணக்குப் பாடம்தான். பத்துப் பத்தாகக் கட்டு கட்டி, மீதியைத் தனியாக வைத்துப் பழகியவனுக்கு 12-க்கும் 21-க்கும் வித்தியாசம் கண்ணால் தெரியும்.

பழைய வாத்தியார்:
அம்மா, நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவன். இந்தப் பாட்டும் ஆட்டமும் புதுசு இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று, பிள்ளை அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் முறையைத் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். கரும்பலகையைக் கீழே இறக்கிப் பிள்ளை உயரத்துக்கு வைத்தார்கள், பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படி, பாட அட்டை, அதை வைக்கத் தட்டு, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் எல்லாம் வந்தது. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் பாதி நேரம் அட்டை தேடவே போனது, கெட்டிக்காரப் பிள்ளை ஏறிப் போய்விட்டது, மெதுவாக வரும் பிள்ளை ஒரே படியில் மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தவன் கடையில் கணக்குப் போட்டானா இல்லையா? வாய்ப்பாடு வாயில் ஏறினால்தான் மனசுக்குச் சுமை குறையும். அதை ஏன் ஏதோ பாவம் மாதிரிப் பேசுகிறீர்கள்?

தொடக்கப்பள்ளி டீச்சர்:
வணக்கம் ஐயா. வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒன்றாம் வகுப்பு முதல் பருவத்தில் வேண்டாம் என்கிறேன். எண்சுவடி படித்த பிள்ளை வீட்டில் படியால் நெல் அளப்பதைப் பார்த்தது, எண்ணுக்குப் பின்னால் பொருள் இருந்தது. இப்போது வரும் குழந்தைக்கு அதையும் பள்ளிதான் காட்ட வேண்டியிருக்கிறது. மெதுவாக வரும் பிள்ளை தேங்கிப் போனது பற்றி நீங்கள் சொல்வது சரி, அதற்குத்தான் இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு அளவுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம் தேவைப்பட்டால் அரும்பில் உட்காரலாம்.

கரூர் அப்பா:
கணக்கு சரி டீச்சர். தமிழ்? புத்தகத்தைத் திறந்து முழுப் பாட்டையும் படிக்கிறான், எங்கம்மாவுக்கு ஒரே பெருமை. நான் பார்த்தால் விரல் ஒரு வரியில் இருக்கிறது, வாய் அடுத்த வரியில் இருக்கிறது. படத்தைக் கையால் மறைத்தேன், நின்றுவிட்டான்.

கணக்குப்புலி:
இதைத்தான் சார் நான் சொன்னேன்.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
ஒன்றாம் வகுப்பு ஆகஸ்டில் அது குறையே இல்லை சார். எழுத்து இடமிருந்து வலமாகப் போகிறது, வாயில் வருவதுதான் தாளில் இருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது. அடுத்தது எழுத்தைப் பிரித்து அறிவது. அ முதல் ஔ வரை ஒப்பித்தால் அது வராது. ட, ப, ம மூன்றும் எழுதச் சுலபம், அதோடு ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று அன்றைக்கே வார்த்தை படிக்கலாம். அந்தச் சந்தோஷம் 247 எழுத்தையும் அட்டவணையில் காட்டினால் கிடைக்காது.

கஷ்டமான இடம் இனிமேல்தான் வரும். கு, சு, டு, து, பு எழுதிப் பாருங்கள், சு-வும் பு-வும் ஒரு மாதிரி, மற்றவை வேறு வேறு மாதிரி, எல்லாவற்றுக்கும் பொது விதி என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. "கொ" இன்னும் மோசம், காதில் முதலில் விழுவது க், கையில் முதலில் எழுதுவது கொம்பு, கடைசியில் ஒரு கால். பாதிப் பேர் காலை விட்டுவிட்டு "கெ" என்று நிறுத்துவார்கள். இதையெல்லாம் யூகேஜியிலேயே முடித்துவிட்டோம் என்று ஒரு பள்ளி சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

பழைய வாத்தியார்:
ட, ப, ம என்று தொடங்கியதில் எனக்குச் சண்டை இல்லை, நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆனால் எழுதிப் பழகணும் அம்மா. மணலில் எழுது, சிலேட்டில் எழுது, அப்புறம் நோட்டு. ரெண்டு மாசத்தில் நாலு பக்கம் குறைச்சல்தான். எழுதும் கைக்கும் படிக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருந்தால் ப-வையும் ய-வையும் குழப்பும்.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
சிலேட்டில் தினமும் எழுதுகிறார்கள் ஐயா, அது வீட்டுக்கு வராதே! நோட்டு குறைவு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். காரணம் திட்டத்தில் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு தொடக்கப் பள்ளியில் மொத்தம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பையும் அந்த இரண்டு பேர்தான் பார்க்க வேண்டும். நான் ஒருத்தியே 1, 2, 3 மூன்றையும் வைத்துக்கொண்டு, அரும்புக்கு ஒரு வேலை, மலருக்கு ஒரு வேலை கொடுத்து, நடுவில் செல்போனில் மதிப்பீட்டைப் பதிவு செய்ய டவர் தேடி வராண்டாவுக்கு ஓடினால், நோட்டுத் திருத்த எந்த நேரம் மிச்சம்?

கணக்குப்புலி:
அதானே டீச்சர் என் கேள்வி. முறை நல்லதாகவே இருக்கட்டும், ஆள் இல்லாத முறை எதுக்கு? தனியார் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரு மிஸ்ஸாவது இருக்காங்க.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
இருக்கிறார்கள் தம்பி, அந்த மிஸ்ஸும் பெற்றோர் நோட்டைத்தானே பார்ப்பார்கள் என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார். இங்கே சேரும் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருந்தால் போதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சிலைப் பிடிக்கவே இப்போதுதான் பழகுகின்றன. கரூர் சார், உங்கள் பழைய பள்ளி நோட்டு இருந்தால் பின்பக்கம் தடவிப் பாருங்கள், எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறான் என்று தெரியும்.

கரூர் அப்பா:
தடவிப் பார்த்தேன் டீச்சர், தாள் கிழியும் அளவுக்கு இருக்கிறது. அரைப் பரீட்சை வரை பார்க்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன், வீட்டுக்காரி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய வாத்தியார்:
அதுவரை ராத்திரி பத்து நிமிஷம் சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள் தம்பி. டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.