இன்டர்வியூவுக்கு முன்னால் நீங்கள் என்ன தயார் செய்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

கிடங்குக்காரன்:
ஸ்டாக் மேலாளர் வேலைக்குப் போனபோது விளம்பரத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரியிலும் இவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று தேடினேன். "பல துறைகளோடு இணைந்து செயல்பட வேண்டும்" என்று போட்டிருந்தால் அங்கே துறைகளுக்குள் ஏதோ இழுபறி இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன் (சில இடங்களில் பழைய விளம்பரத்தையே எடுத்து ஒட்டியிருப்பார்கள், அது வேறு கதை). ஒவ்வொரு வலிக்கும் எதிரே பழைய வேலையில் நான் செய்த ஒரு சம்பவத்தை எழுதினேன். சம்பவம் கிடைக்காத வரியைக் காலியாகவே விட்டேன்.

எண்கள்தான் கஷ்டம். கணினிக் கணக்குக்கும் அலமாரியில் உண்மையாக இருந்த சரக்குக்கும் நடுவே இருந்த வித்தியாசம் நான் இருந்த காலத்தில் பாதிக்கும் கீழே வந்தது, ஆனால் சரக்கு மதிப்பு பழைய நிறுவனத்தின் ரகசியம், அதை வெளியே சொல்ல முடியாது. விகிதத்தை மட்டும் சொன்னேன். தொகை எவ்வளவு என்று துருவினார்கள், சொல்ல அனுமதி இல்லை சார் என்றேன், விட்டுவிட்டார்கள்.

அப்புறம் வந்ததுதான் உண்மையான கேள்வி: "இதில் நீங்கள் மட்டும் செய்தது என்ன?" எப்போதும் 'நாங்கள்', 'டீம்' என்றே பேசிப் பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வருடக் கடைசியில் கிடங்கைப் பூட்டி மொத்தமாக எண்ணுவதை விட்டு, தினமும் ஒரு வரிசை மட்டும் எண்ணலாம் என்று யோசனை சொன்னதும் எந்த வரிசை எப்போது என்று அட்டவணை போட்டதும் நான், எண்ணியது கிடங்குப் பையன்கள், மென்பொருளில் மாற்றியது ஐடிக்காரர்கள் என்று பிரித்துச் சொன்னேன். அடுத்த அரை மணி நேரம் அந்த அட்டவணையைப் பற்றியே பேசினோம்.

இடைவெளிக்குப் பின்:
அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுத் திரும்பி வந்தவள் நான். அந்தக் காலத்தை "நிர்வாகத் திறன் வளர்ந்த காலம்" என்று ரெஸ்யூமில் போடச் சொன்னார்கள், எனக்குக் கூசியது, போடவில்லை. மென்பொருள் நிறுவனங்களுக்கு உதவிப் பக்கங்கள் எழுதுவது என் தொழில். அதனால் நான் போகவிருந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஒரு உதவிப் பக்கத்தை எடுத்து, முதல் தடவை வருகிறவருக்கும் புரிகிற மாதிரி திருத்தி, எதை ஏன் மாற்றினேன் என்று அரைப் பக்கக் குறிப்பும் வைத்தேன். ஒரு எச்சரிக்கை வரியை நான் கீழே தள்ளியிருந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதைப் பற்றி நன்றாகவே வாதம் நடந்தது. இடைவெளி பற்றிய கேள்வி இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம்:
ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறவன் என்ற முறையில் மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. இதில் ஆராய்ச்சியும் உண்டு. 1998-ல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையில் ஒரு பகுதியைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கிற நேர்காணலும், பொது அறிவுத்திறன் தேர்வும்தான் ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் காட்டின. எத்தனை வருட அனுபவம் என்ற கணக்கு வெகு பின்னால் இருந்தது. 2022-ல் சாக்கெட் என்ற உளவியலாளரின் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்தியபோது எண்கள் பொதுவாக இறங்கின, ஆனாலும் ஒரே கேள்விகளைக் கேட்கிற அந்த நேர்காணல்தான் முதலிடம். அதனால் "எனக்குப் பத்து வருட அனுபவம்" என்று ஆரம்பிக்கிறவரிடம் நான் கேட்பது, அந்தப் பத்து வருடத்தில் நீங்களே எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்பதுதான். சூழ்நிலை, பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் மனப்பாடம் செய்து வருகிறவர்களை "ஏன் வேறு வழியில் செய்யவில்லை?" என்ற ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும், வழியே யோசிக்காதவர் அங்கே நின்றுவிடுவார்.

சந்தேகப்பிராணி:
மாதிரி வேலை சரிதான், அளவு பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு இடத்தில் முழு விற்பனைத் திட்டமே கேட்டார்கள், நிஜ வாடிக்கையாளர் பட்டியலோடு. ஒரு பக்கம் எழுதித் தருகிறேன், மீதியை நேரில் விளக்குகிறேன் என்றேன். பதிலே வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்திருந்தால் சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்திருக்குமா என்ன!