ஆச்சியின் சுருக்குப்பைக் காசுகள் ஆல்பத்தில் பச்சை பிடிக்கின்றன. எதில் எடுத்து வைப்பது?

ஆச்சிபேத்தி (பாளையங்கோட்டை):

வணக்கம். செங்கோட்டை ஆச்சி போன வருஷம் தவறிவிட்டார். பீரோவை ஒழித்தபோது ஒரு சுருக்குப்பை கிடைத்தது. ஜார்ஜ் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் பதினொன்று, ஓட்டைக் காலணா ஒரு கை நிறைய, சங்கு போட்ட திருவிதாங்கூர் செப்புக்காசு கொஞ்சம், மிளகு அகலத்தில் குட்டி வெள்ளிச் சக்கரம் (அதுவும் திருவிதாங்கூர்க் காசுதான்) இருபத்தேழு.

பையில் கிடந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தன. கொஞ்சம் கறுத்திருந்தன, அவ்வளவுதான். நான்தான் பத்திரமாக வைக்கிறேன் என்று சித்திரையில் ஒரு கடையில் நாணய ஆல்பம் வாங்கி எல்லாவற்றையும் செருகினேன். கார்த்திகை மழைக்குப் பிறகு திறந்தால் நான்கு வெள்ளி ரூபாயின் ஓரத்தில் பச்சை. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வெள்ளியில் எப்படிப் பச்சை வரும்? சித்தி 1944 காலணா ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். இப்போது அது புதுச் செப்புக்குடம் மாதிரி மின்னுகிறது. மீதியையும் தேய்த்துத் தருகிறேன் என்கிறார், நான் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

மழை ஈரம்தான் காரணமா? பீரோவில் அந்துருண்டை போட்டால் சரியாகுமா? ஆயிரம் ரூபாய்க்குள் என்னென்ன வாங்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

வண்ணாரப்பேட்டை வாத்தியார்:

முதலில் சித்தியிடமிருந்து காசுகளை ஒளித்து வையுங்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி, பாத்திரம் துலக்கும் பவுடர் எதுவும் கூடாது. புளியின் அமிலம் அழுக்கோடு சேர்த்து மேல்தோலையும் தின்றுவிடும். சேகரிப்பவர் அந்தப் பழைய நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். தேய்த்தது தேய்த்ததுதான், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து, வெள்ளியில் பச்சை. ஜார்ஜ் ரூபாய் சுத்த வெள்ளி இல்லை அம்மா. 1939 வரைக்கும் வந்ததில் 91.7 சதம் வெள்ளி, மீதி செம்பு. யுத்த காலத்தில், 1940இலிருந்து, வெள்ளியைப் பாதியாகக் குறைத்து 40 சதம் செம்பு சேர்த்தார்கள். பச்சை பிடித்த நான்கிலும் வருஷத்தைப் பாருங்கள், 1940க்குப் பிந்தியதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

குற்றவாளி மழை என்று நான் நம்பவில்லை. பிசுபிசுப்பு என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. ஈரத்தால் வரும் களிம்பு கெட்டியாகப் பிடித்திருக்கும், விரலில் ஒட்டாது. ஆல்பம் உறையை முகர்ந்து பாருங்கள். புது ரெக்சின் பை வாசனை அடித்தால் அது பிவிசி என்கிற பிளாஸ்டிக். உறை வளைந்து கொடுக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசியும், பிளாஸ்டிக்கும் அமில ஆவி விடும், அது செம்பைப் பிடித்துப் பச்சையாக்கும். மழை அதற்குத் துணை போயிருக்கலாம்.

சந்தேகமாக இருந்தால் மொட்டைமாடிக்குப் போய் ஒரு சோதனை. செம்புக் கம்பியைக் குறடால் பிடித்துத் தீயில் காட்டுங்கள், தீயில் பச்சை தெரியாத அளவுக்குப் பழுக்கட்டும். சூட்டோடு உறையின் ஒரு மூலையில் தொட்டு எடுத்து மறுபடி தீயில் காட்டுங்கள். பளிச்சென்று பச்சைத் தீ வந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசிதான். அந்தப் புகை நல்லதில்லை, காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள். நாணயத்தில் செய்துவிடாதீர்கள், வெட்டி எடுத்த உறைத் துண்டில் மட்டும்.

உடன்குடி கருப்பட்டி:

தங்கச்சி, அந்துருண்டை வேண்டவே வேண்டாம். கற்பூரமும் வேண்டாம். ரெண்டும் ஆவியாகிக் காசு மேலேயே படியும். அப்புறம் ரூபாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடு. ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளியில் கறுப்புக் கோடு விழும். என்னிடம் ஒரு ரூபாயில் ராஜா மூக்கில் அப்படி ஒரு கோடு இருக்கிறது.

வாங்க வேண்டியது: ரெண்டு அங்குலச் சதுர அட்டை ஹோல்டர், நடுவில் மைலார் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வைத்தது. வாங்கும்போது ‘பிவிசி இல்லாதது’ என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார். நல்ல ரூபாய் ரெண்டு மூன்றுக்கு மட்டும் அக்ரிலிக் கேப்சூல் (ஒரு காசு அடங்கும் வட்ட டப்பா) போதும், எல்லாவற்றுக்கும் வாங்கினால் உன் ஆயிரம் தாங்காது. பிளாஸ்டிக்கில் மைலார், பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், அக்ரிலிக் இவை நம்பலாம். ஆல்பத்தாள் வேண்டுமென்றாலும் பாலிபுரோப்பிலீன் தாளே வாங்கு.

அளவுதான் பலர் சறுக்குகிற இடம். ரூபாய் சுமார் 30 மில்லிமீட்டர், காலணா 21 சொச்சம். ஸ்கேலை வைத்துக் கண்ணால் பார்க்காதே, காசைக் கவ்வி அளக்கும் பிளாஸ்டிக் வெர்னியர் ஒன்று வாங்கிக்கொள். இரும்பு வெர்னியர் காசின் ஓரத்தைக் கீறும். கேப்சூல் தளர்வாக இருந்தால் உள்ளே கடகடவென்று ஆடியே தேயும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கடல்காற்று. சாதாரண ஸ்டேப்ளர் பின் அடித்த ஹோல்டர் ஒரே வருஷத்தில் துருப்பிடித்து அட்டையில் செம்பழுப்புக் கறை இறங்கியது. அதிலிருந்து துருப்பிடிக்காத பின்தான். அடித்த பிறகு குறடால் பின்னை நசுக்கித் தட்டையாக்கிவிடு, இல்லையென்றால் அடுக்கும்போது பக்கத்து அட்டையின் ஜன்னலைக் குத்தும். காசை வெளியே எடுக்கும்போது பின்னைப் பிடுங்காதே, கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி எடு.

செங்கோட்டைக்காரன்:

ஆச்சி எங்கள் ஊரா! கருப்பட்டி அண்ணாச்சி சொன்ன ஹோல்டரில் குட்டிச் சக்கரம் நிற்காது. இருக்கிற சின்ன ஜன்னலிலும் அது ஓடிப்போய் அட்டை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். பாலிஎத்திலீனில் வருகிற மிகச்சின்ன ஜிப் பை, ஒரு பைக்கு ஒரு சக்கரம், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் பென்சிலால் எழுதுங்கள்.

இங்கே ஆனி ஆடி முழுக்கச் சாரல், துணியே காயாது. பாளையில் அந்தக் கவலை ஐப்பசி கார்த்திகையில்தான். எப்படியும் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் தேவை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஹோல்டர்கள், மூலையில் ஜெல். நீல மணி ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும். நான் அதைத் தோசைக்கல்லில் வறுத்து மறுபடி நீலமாக்கிக்கொள்வேன்.

வண்ணாரப்பேட்டை வாத்தியார்:

தோசைக்கல்லா! நீல மணியில் இருப்பது கோபால்ட் குளோரைடு, விஷம். அந்தக் கல்லை இனிமேல் தோசைக்கு எடுக்காதீர்கள் தம்பி. கோபால்ட் இல்லாத ஆரஞ்சு மணி கிடைக்கிறது, அது ஈரத்தில் பச்சையாகும். இரண்டையும் வெயிலில் காயவைத்தால் போதாது, 110, 120 டிகிரி சூடு வேண்டும். ஒரு பழைய தட்டை அதற்கென்றே ஒதுக்குங்கள். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று இருக்கட்டும், நாற்பது சதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி.

ஆச்சிபேத்தி:

சார், தீ பச்சையாகத்தான் எரிந்தது. தம்பி வீடியோகூட எடுத்தான். நான்கு ரூபாயையும் பார்த்தேன்: 1942, 1943, 1944, 1944. நீங்கள் சொன்னது அப்படியே. ஆல்பத்தைத் தூக்கிப் போட்டாயிற்று. ரூபாயில் ஒட்டியிருக்கும் பச்சையை என்ன செய்ய? நகப்பாலிஷ் ரிமூவர் வீட்டில் இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை வாத்தியார்:

ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். சுத்த அசிட்டோன் வாங்குங்கள், ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது, சட்டென்று பற்றும். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்துவிடலாம், கண்ணாடித் தம்ளர் எடுங்கள். ஒரு காசைப் போட்டு மூடி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, இரண்டாவது தம்ளரில் புது அசிட்டோனில் ஒரு முறை அலசுங்கள். இந்த இரண்டாவது அலசலை விட்டால் கரைந்த அழுக்கே படலமாகக் காய்ந்துவிடும். ஓரத்தைப் பிடித்து எடுத்துப் பருத்தித் துணிமேல் வையுங்கள். துடைக்க வேண்டாம், தானே பறந்துவிடும்.

செப்புக்காசில் வேறு ஒன்றையும் கவனியுங்கள். வெளிர் பச்சையில் மாவு மாதிரித் தூள் உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அது உப்பின் வேலை. அசிட்டோனுக்கு அடங்காது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, டிஸ்டில்டு வாட்டரில் போட்டு நாள்தோறும் தண்ணீர் மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஆகும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் டப்பாவுக்குள் போக வேண்டும்.

ஆச்சிபேத்தி:

மூன்று ரூபாய் சுத்தமாகிவிட்டது. முதல் தம்ளர் அசிட்டோன் லேசாகப் பச்சை கட்டியது. நான்காவதில் பச்சை போனாலும் ராஜா காதோரம் ஊசி குத்தினாற்போல் குழி. அது போகாதுதானே? செப்பில் மாவுப் பச்சை எதிலும் இல்லை.

வண்ணாரப்பேட்டை வாத்தியார்:

போகாது. உலோகமே போன இடம் அது.

செங்கோட்டைக்காரன்:

அக்கா, ஒரு சந்தேகம். சக்கரம் இருபத்தேழு என்றீர்கள். திருவிதாங்கூர்க் கணக்கில் 28 சக்கரம் ஒரு ரூபாய், வெள்ளைக்காரன் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. 1956 நவம்பர் வரைக்கும் எங்கள் ஊர் அந்தப் பக்கம்தானே. இந்தக் குட்டிக்காசை எண்ணுவதற்கென்றே குழி போட்ட மரப்பலகை உண்டு. காசைக் கொட்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மீதியைத் தள்ளிவிட்டால் எண்ணி முடிந்தது. ஆச்சி ஒரு ரூபாய்க் கணக்காகத்தான் வைத்திருப்பார். பை இன்னும் இருக்கிறதா?

ஆச்சிபேத்தி:

இருக்கிறது தம்பி. துவைக்கப் போட்டிருந்தேன், நல்லவேளை இன்னும் நனைக்கவில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பினால் ஒன்றும் இல்லை. சுருக்குக் கயிறு ஓடும் மடிப்பைத் தடவியபோது ஏதோ நெருடியது, இரண்டு தையலைப் பிரித்தேன். இருபத்தெட்டாவது சக்கரம், கரிக்கட்டை மாதிரிக் கறுத்து உட்கார்ந்திருந்தது. சித்தி கையை நீட்டினார், கொடுக்கவில்லை. நேராக ஜிப் பைக்குள் போட்டுவிட்டேன்.