கவுண்டி தளத்தில் பழைய கைது ரெக்கார்டு: நீக்க என்ன வழி? (அவசரம்)

குழம்பிய_குருவி | வியாழன் காலை 8.40

வணக்கம். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். புது வேலைக்கு ஆஃபர் வந்து பேக்ரவுண்ட் செக் நடக்கிறது. அதில் என் பழைய அரெஸ்ட் வந்துவிட்டது. கேஸ் எப்போதோ டிஸ்மிஸ் (தள்ளுபடி) ஆகிவிட்டது! கவுண்டி (அமெரிக்காவில் நம் மாவட்டம் மாதிரி) தளத்தில் என் பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இன்றுதான் தெரிகிறது. கோர்ட் கோப்புகளை வைத்திருக்கும் கிளார்க் ஆபீசுக்குப் போன் செய்தால் "நாங்கள் எடுக்க முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எந்த ஃபார்ம், எங்கே கொடுக்க வேண்டும்? திங்கட்கிழமைக்குள் எச்.ஆருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வடக்குவாசல் | காலை 8.52

எந்த மாநிலம்? என்ன குற்றச்சாட்டு? எந்த வருடம்? இது மூன்றும் தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாதுங்க.

பே_ஏரியா_பாலு | காலை 9.05

பதற்றப்படாதீர்கள். தண்டனை இல்லாமல் முடிந்த கைதை சீல் செய்வது (பொதுப் பார்வையிலிருந்து மறைப்பது) உங்கள் உரிமை. தண்டச் சட்டம் 851.91, 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஃபார்ம் சி.ஆர்-409 நிரப்பிக் கைதான கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டில் கொடுங்கள். என் நண்பர் ஒருவர் லாயரே இல்லாமல் செய்தார். பல கைதுகள் இப்போது தானாகவே மறைக்கப்படுகின்றன, நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லாமல்கூட இருக்கலாம்.

சட்டச்செம்மல் | காலை 9.20

பாலு, நீங்கள் சொல்வது கலிபோர்னியா. கேட்டவர் மாநிலமே சொல்லவில்லை. இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று, ஒவ்வொரு முறையும் இதே கதைதான். கேட்பவர் விவரம் தரமாட்டார், பதில் சொல்பவர் தன் மாநிலச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரிப்பார். கைது ரெக்கார்டு மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. ஒரு மாநிலத்தில் தானாக மறைவது பக்கத்து மாநிலத்தில் மனு போட்டாலும் மறையாது. அடிப்படையைப் படித்துவிட்டு எழுதுங்கள், இருவருமே.

பே_ஏரியா_பாலு | காலை 9.26

உதவத்தான் வந்தேன். பாடம் எடுக்காமலும் இதைச் சொல்லலாம்.

குழம்பிய_குருவி | காலை 10.10

மன்னிக்கவும், ஆபீசில் இருந்து எழுதுகிறேன். டெக்சாஸ், டாலஸ் பக்கம். 2021. கடையில் செல்ஃப் செக்அவுட்டில் சில பொருள் ஸ்கேன் ஆகவில்லை, வாசலில் பிடித்து போலீஸை வரவழைத்துவிட்டார்கள். அன்று இரவே ஜாமீன். அப்புறம் ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள், போனேன், டிஸ்மிஸ். அவ்வளவுதான்.

வடக்குவாசல் | காலை 10.18

விசா என்ன? எச்-1பியா, கிரீன் கார்டா, சிட்டிசனா? இதற்கும் பதில் வேண்டும்.

கோப்புக்காரி | காலை 11.02

டெக்சாஸில் கிரிமினல் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பாராலீகலாக (லாயரின் உதவியாளராக) இருக்கிறேன். நான் லாயர் இல்லை, ஆனால் இந்த மனுக்களைத் தயார் செய்வதுதான் என் தினசரி வேலை.

"வகுப்புக்குப் போனேன், டிஸ்மிஸ்" என்கிறீர்களே, எல்லாமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அது இரண்டு விதமாக நடந்திருக்கலாம்.

ஒன்று, ப்ரீ-டிரையல் இன்டர்வென்ஷன். டைவர்ஷன் என்றும் சொல்வார்கள். அரசு வழக்கறிஞரோடு ஒப்பந்தம் போடுவீர்கள், வகுப்பு, சமூகசேவை எல்லாம் முடிப்பீர்கள், கேஸைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். கோர்ட்டில் "குற்றவாளி" என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். இப்படி முடிந்திருந்தால் எக்ஸ்பங்ஷன் கேட்கலாம். கிடைத்தால் ரெக்கார்டை அழித்தே விடுவார்கள்.

இன்னொன்று, டெஃபர்டு அட்ஜுடிகேஷன். நீதிபதி முன் கில்டி (குற்றவாளி) அல்லது நோலோ (குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை) என்று சொல்லியிருப்பீர்கள். அவர் தீர்ப்பை ஒத்திவைத்து கண்காணிப்பில் விட்டிருப்பார். காலம் முடிந்ததும் இதுவும் "டிஸ்மிஸ்" என்றே தளத்தில் தெரியும். ஆனால் கிளாஸ் சி (அபராதம் மட்டுமே உள்ள மிகச் சிறிய குற்றம்) தவிர மற்றதற்கு எக்ஸ்பங்ஷன் கிடையாது. கிடைப்பது நான்டிஸ்க்ளோஷர் மட்டும். அதில் ரெக்கார்டு அப்படியே இருக்கும், பொதுமக்கள் கண்ணுக்கு மட்டும் படாது.

கவுண்டி தளத்தில் உங்கள் கேஸ் நம்பரைத் திறந்து, கீழே நிகழ்வுப் பட்டியலில் "டெஃபர்டு", "பிளீ" (குற்றச்சாட்டுக்கு நீங்கள் கோர்ட்டில் சொன்ன பதில்) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொருட்களின் மதிப்பு என்ன என்றும் சொல்லுங்கள். 100 டாலருக்குக் கீழ் கிளாஸ் சி, 100 முதல் 750க்குள் கிளாஸ் பி, அதற்கு மேல் 2,500க்குள் கிளாஸ் ஏ.

கிளார்க் சொன்னது சரிதான். அவர்களால் தாங்களாக எடுக்க முடியாது, நீதிபதியின் உத்தரவு வேண்டும். இங்கே நிறையப் பேர் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் இதுதான்: கிளாஸ் ஏ, பி கேஸ் கோப்பு இருப்பது கவுண்டி கிளார்க்கிடம், எக்ஸ்பங்ஷன் மனு போடுவது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில், அதாவது டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். ஒரே கட்டடத்தில் இருந்தாலும் வேறு வேறு ஆபீஸ். எக்ஸ்பங்ஷனுக்கான சட்ட அத்தியாயமும் 2025 ஜனவரி 1 முதல் 55ஏ ஆகிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி மனுக்களில் 55 என்றே இருக்கும், அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

தூரதேசம் | காலை 11.30

குருவி, என் பேச்சைக் கேளுங்கள், எக்ஸ்பங்ஷன் பக்கமே போகாதீர்கள். நீங்கள் எச்-1பியாக இருந்தால் இமிக்ரேஷன்தான் முதல் கவலை. ஐ-485 (கிரீன் கார்டு), என்-400 (குடியுரிமை), டிஎஸ்-160 (விசா) ஃபார்ம் எல்லாவற்றிலும் கைதானது உண்டா என்று கேட்பார்கள். எக்ஸ்பஞ்ச் ஆனதையும் சொல்ல வேண்டும். அழித்துவிட்டுப் போனால் நிரூபிக்கப் பேப்பர் இல்லாமல் நிற்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் கோர்ட் டிஸ்பொசிஷன் (கேஸ் எப்படி முடிந்தது என்ற பேப்பர்) கேட்கப்பட்டு, கவுண்டியில் "அப்படி ஒரு கேஸே இல்லை" என்ற பதிலோடு திரும்பினார்.

சட்டச்செம்மல் | காலை 11.41

தூரதேசம் பாதியைத்தான் சொல்கிறார். பேப்பர் தொலைந்தது எக்ஸ்பங்ஷனின் குற்றம் இல்லை, முன்கூட்டியே நகல் வாங்காததன் விளைவு.

கோப்புக்காரி | மதியம் 12.15

அதையேதான் நான் எழுத வந்தேன். மனு போடும் முன்பு கவுண்டி கிளார்க்கிடம் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். குற்றப் பத்திரிகை, தள்ளுபடி உத்தரவு, டைவர்ஷன் ஒப்பந்தம், எல்லாமே. முத்திரை குத்திய நகலாக இருக்க வேண்டும், தளத்திலிருந்து எடுத்த பிரிண்ட்அவுட் செல்லாது. கைது செய்த நகரக் காவல்துறையிடம் கைது அறிக்கையும் கேளுங்கள். கூடுதலாக ஒரு செட் வாங்கி வேறு இடத்தில் வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் இந்தியர், வியட்நாமியர் யார் வந்தாலும் லாயர் இதை முடிக்காமல் மனுவில் கையெழுத்துப் போட மாட்டார். உத்தரவு வந்த பிறகு எந்த ஆபீசிலும் கேட்க முடியாது, ஏனென்றால் அந்தக் கேஸ் இருந்தது என்று சொல்லவே அவர்களுக்கு அனுமதி இல்லை.

திங்கட்கிழமை விஷயம்: அதற்குள் எதுவும் அழியாது. மனு போட்டு குறைந்தது 30 நாள் கழித்துத்தான் விசாரணை வைக்க முடியும். எச்.ஆருக்கு உண்மையைச் சொல்லித் தள்ளுபடி உத்தரவைக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் கைது மட்டும் காட்டி, டிஸ்மிஸ் ஆனதைக் காட்டவில்லை என்றால் அந்த பேக்ரவுண்ட் கம்பெனியிடம் டிஸ்ப்யூட் போடுங்கள். மத்திய சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் சரிபார்க்க வேண்டும். ரிப்போர்ட்டை வைத்து வேலையை மறுப்பதற்கு முன் அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டியது கம்பெனியின் கடமை. கேட்டு வாங்குங்கள்.

பொதுவெளி | மதியம் 12.50

ஒரு பொதுவான கேள்வி. தண்டனையே இல்லாத கைதை அரசாங்கம் ஏன் உலகத்துக்கே காட்ட வேண்டும்? மக்ஷாட் (கைதானவரைப் போலீஸ் எடுக்கும் படம்) தளங்கள் இதை எடுத்துப் போட்டு, நீக்கக் காசு கேட்டன. டெக்சாஸ் 2013ல் சட்டம் போட்டுத்தான் அந்தக் கட்டண வசூலை நிறுத்தியது. தீ வைக்க விட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுவதா?

வடக்குவாசல் | மதியம் 1.04

கைது ரகசியமாக இருந்தால் அதைவிட ஆபத்து. யாரைப் பிடித்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று குடும்பத்துக்கே தெரியாமல் போகும். அதனால்தான் டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டம், மற்ற போலீஸ் விவரங்களை மறைக்க இடம் கொடுத்தாலும், கைதின் அடிப்படை விவரத்தைத் திறந்தே வைக்கிறது. நம் ஊரிலும் 2016ல் உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றச் சொன்னது, அந்தரங்கமான வழக்குகள் நீங்கலாக. அது காவல்துறையைக் கட்டுப்படுத்தத்தான்.

பொதுவெளி | மதியம் 1.22

கைதான அன்றைக்குத் தெரியட்டும். நாலு வருடம் கழித்தும் ஏன்? விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2021ல் தனி நீதிபதி முடியாது என்றார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு சரி என்றது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அங்கே நிரபராதி என்று தீர்ப்பு வாங்கியவருக்கே இந்த நிலை. அமெரிக்காவில் அழிக்க ஒரு வழியாவது இருக்கிறது.

பே_ஏரியா_பாலு | மதியம் 1.35

பென்சில்வேனியா 2018லேயே தானாக சீல் செய்யும் சட்டம் கொண்டுவந்தது. கலிபோர்னியாவும் வந்துவிட்டது. மனு போடத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் உரிமை, உரிமையே இல்லை என்பது என் கருத்து. லாயருக்குக் காசில்லாதவன் பெயர் அப்படியே தொங்குகிறது.

சட்டச்செம்மல் | மதியம் 1.48

தத்துவம் வேறு இழையில் பேசுங்கள். கேட்டவர் எங்கே?

குழம்பிய_குருவி | மாலை 6.20

எல்லோருக்கும் நன்றி. எச்-1பி. கிரீன் கார்டுக்குக் கம்பெனி போடும் ஐ-140 மனு முடிந்து வரிசையில் இருக்கிறேன். பொருள் மதிப்பு 130 டாலர் சொச்சம் என்று போட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் கிளாஸ் பி. தளத்தில் "ப்ரீ-டிரையல்" என்று இருக்கிறது. பிளீ என்ற சொல் எங்கும் இல்லை. அப்போ பிரச்சினை இல்லைதானே, கோப்புக்காரி அக்கா?

கோப்புக்காரி | மாலை 7.05

ரெக்கார்டை அழிக்க நல்ல செய்தி. முறையான இன்டர்வென்ஷன் திட்டத்தை முடித்துத் தள்ளுபடி ஆனதால், அரசு வழக்குப் போடுவதற்கான காலவரம்பு தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கிளாஸ் பிக்கு அது இரண்டு வருடம், உங்களுக்கு அதுவும் தாண்டிவிட்டது.

மனுவில் ரெக்கார்டு வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். நகரக் காவல்துறை, ஜெயிலில் பதிவு செய்த ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், கவுண்டி கிளார்க், மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டி.பி.எஸ். விட்டுப்போன ஆபீசில் ரெக்கார்டு அப்படியே கிடக்கும், பிறகு ஒருநாள் வெளியே வரும். டி.பி.எஸ்ஸில் கைரேகை கொடுத்து உங்கள் முழு ரெக்கார்டை எடுத்துப் பார்த்தால் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரியும். அவர்களுடைய பொதுத் தேடலில் தண்டனையும் டெஃபர்டும் மட்டுமே வரும், வெறும் கைது வராது. அதில் காணோம் என்று ஏமாறாதீர்கள். எஃப்.பி.ஐ. ரெக்கார்டையும் 18 டாலர் கட்டி வாங்கலாம்.

இமிக்ரேஷன் பக்கம் நான் பேசக்கூடாது, அது எங்கள் துறை இல்லை.

தூரதேசம் | மாலை 7.40

நான் பேசுகிறேன். "பிளீ இல்லை, பிரச்சினை இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இமிக்ரேஷன் சட்டத்தில் தண்டனை என்பதற்குத் தனி விளக்கம் உண்டு. கில்டி அல்லது நோலோ சொல்லியிருந்தாலோ, குற்றத்துக்குப் போதுமான உண்மைகளை ஒப்புக்கொண்டிருந்தாலோ, அதோடு நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்திருந்தால், மாநிலம் டிஸ்மிஸ் என்று எழுதினாலும் அது தண்டனைதான். 2017ல் இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியம் ஒரு டெக்சாஸ் ப்ரீ-டிரையல் ஒப்பந்தத்தையே இப்படித் தண்டனையாக எடுத்துக்கொண்டது. அதில் அந்த நபர் எழுத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார், நீதிபதியும் ஒப்பந்தத்தை அங்கீகரித்திருந்தார்.

அதனால் கேஸ் பட்டியலை விடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுங்கள். பின்பக்கத்தில் "நான் இந்தச் செயலைச் செய்தேன்" என்ற மாதிரி ஒப்புதல் பக்கம் இருக்கிறதா? திருட்டு என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. சின்னக் குற்றங்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, கிளாஸ் பிக்கு உச்சத் தண்டனை 180 நாள்தான் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தவும் கூடும். ஆனால் அதை இமிக்ரேஷன் லாயர் பேப்பரைப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை ஊருக்குப் போய் விசா ஸ்டாம்பிங் வாங்கும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

சட்டச்செம்மல் | இரவு 8.02

இந்த முறை தூரதேசம் சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எக்ஸ்பஞ்ச் ஆன பிறகு தனியார் வேலைக்கு "கைதே ஆனதில்லை" என்று சொல்ல டெக்சாஸ் சட்டம் இடம் கொடுக்கிறது. அதே பதிலை மத்திய அரசின் இமிக்ரேஷன் ஃபார்மில் எழுதினால் பொய் சொன்ன குற்றம் வரும். அது 130 டாலர் திருட்டைவிடப் பெரிய பிரச்சினை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பொதுவெளி | இரவு 8.30

ஒரே கேள்விக்கு ஒருவருக்கு "இல்லை", இன்னொருவருக்கு "ஆம்" என்று சொல்லச் சொல்லும் சட்டத்தை என்னவென்று சொல்வது!

வடக்குவாசல் | இரவு 8.41

அதுதான் கூட்டாட்சி. மாநிலம் தன் கோப்பை அழிக்கலாம், மத்திய அரசின் கேள்வியை அழிக்க முடியாது.

குழம்பிய_குருவி | அடுத்த புதன் இரவு 9.15

சுருக்கமாகச் சொல்கிறேன். எச்.ஆர். தள்ளுபடி உத்தரவை வாங்கிக்கொண்டார்கள், வேலை போகவில்லை. சான்றிட்ட நகல் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தத்தின் கடைசியில் ஒப்புதல் பக்கம் இருக்கிறது, என் கையெழுத்தோடு. அன்றைக்குப் படிக்காமலே போட்டிருக்கிறேன். எக்ஸ்பங்ஷன் மனுவை நிறுத்தி வைத்து இமிக்ரேஷன் லாயரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

தூரதேசம் | புதன் இரவு 9.32

அதே ஒப்பந்தத்தில் நீதிபதியின் கையெழுத்து இருக்கிறதா, இல்லை நீங்களும் அரசு வழக்கறிஞரும் மட்டும் போட்டதா? லாயரைப் பார்க்கும் முன் அதையும் பார்த்துவிடுங்கள். அந்த 2017 தீர்ப்பு உங்களைத் தொடுமா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கோப்புக்காரி | வியாழன் காலை 7.50

குருவி, இருக்கிறீர்களா? நீதிபதி கையெழுத்து தனி உத்தரவாகவும் இருக்கலாம், ஒப்பந்தத்தில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கேஸ் கோப்பு முழுவதையும் கேட்டு வாங்குங்கள்.