மறு: 1620 திருத்தங்களில் வரும் ‘ஹைப்பாதெசிஸ்’ – கருதுகோள் பொருந்துமா?

> கருதுகோள் என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறதே. புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம் ஐயா.

பொதுவாக நானும் உங்கள் கட்சிதான். புழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக ரோம் திருச்சபை கலிலியோ மீது நடத்திய வழக்கைப் பற்றிய கட்டுரையில் மட்டும், ‘ஹைப்பாதெசிஸ்’ (hypothesis) என்பதற்குக் கருதுகோள் என்று போட்டால் வழக்கே தலைகீழாகிவிடுகிறது.

கருதுகோள் என்றதும் பள்ளி மாணவருக்கு என்ன தோன்றும்? உண்மையாக இருக்கலாம், சோதித்துப் பார்ப்போம், சான்று கிடைத்தால் ஏற்போம். ரோம் கொடுத்த அனுமதியோ வேறு. பூமி சுற்றுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொள், கோள்களின் நிலையைக் கணித்துக்கொள், நிஜமாகவே சுற்றுகிறதா என்ற பேச்சை மட்டும் எடுக்காதே.

இந்தப் பொருளை ரோம் கண்டுபிடிக்கவும் இல்லை. 1543இல், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்னிக்கஸின் நூல் நியூரம்பர்க்கில் அச்சானபோது, அச்சுப்பணியைக் கவனித்த லூத்தரன் இறையியலாளர் ஒசியாண்டர், கையெழுத்து இல்லாமல் ஒரு முன்னுரையைச் சேர்த்துவிட்டார். இந்த ஹைப்பாதெசிஸ்கள் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, உண்மைபோல இருக்கவும் தேவையில்லை, கணக்கு வானில் காண்பதோடு ஒத்துப்போனால் போதும் என்பது அதன் சாரம். கோப்பர்னிக்கஸின் நண்பரான கத்தோலிக்க ஆயர் கீசே கொதித்துப்போய் நியூரம்பர்க் நகர மன்றத்துக்கே புகார் அனுப்பினார். இங்கே கருதுகோள் என்று எழுதிப் பாருங்கள். உண்மையாக இருக்கத் தேவையே இல்லாத கருதுகோளா?

ரோம் திருச்சபையின் 1616 மார்ச் 5 ஆணை கோப்பர்னிக்கஸ் நூலை ‘திருத்தும்வரை’ நிறுத்திவைத்தது. அந்தத் திருத்தங்கள் 1620இல் வந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்தாலே போதும். முதல் பகுதியின் 11ஆம் அத்தியாயத்துக்கு ‘பூமியின் மூவகை இயக்கத்தின் நிரூபணம்’ என்று தலைப்பு. அதை ‘பூமியின் மூவகை இயக்கம் என்ற ஹைப்பாதெசிஸும் அதன் நிரூபணமும்’ என்று மாற்றச் சொன்னார்கள். கணக்கு, படம், அட்டவணை எதிலும் கைவைக்கவில்லை. தலைப்பில் ஒரு சொல்லை நுழைத்து, நூலாசிரியர் உண்மை என்று சொன்னதைக் கணக்குக்கு உதவும் கருவியாக இறக்கிவிட்டார்கள். கலிலியோ தன் சொந்தப் பிரதியிலும் இந்தத் திருத்தங்களைப் போட வேண்டியிருந்தது. எனக்கு இந்த வழக்கில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

> கர்தினால் பெல்லார்மினோ சான்று கேட்டார் அல்லவா? அது அறிவியல் முறைதானே?

அம்மா, நியாயமான கேள்வி. 1615 ஏப்ரல் 12 அன்று கோப்பர்னிக்கஸை ஆதரித்து எழுதிய துறவி ஃபொஸ்கரீனிக்கு அனுப்பிய கடிதத்தில், உண்மையான நிரூபணம் வந்தால் வேதாகம வசனங்களுக்கு நிதானமாக மறுவிளக்கம் தேட வேண்டியிருக்கும் என்று அவர் எழுதியது உண்மை. கலிலியோவிடம் அப்போது முழு நிரூபணம் இல்லை என்பதும் உண்மை. கடல் ஓதங்களை (ஏற்ற இறக்கங்களை) வைத்து கலிலியோ சொன்ன வாதம் தவறு. ஆனால் அடுத்த ஆண்டு வந்த ஆணை அந்தக் கதவையும் சாத்திவிட்டது. பூமி அசைகிறது என்பது வேதாகமத்துக்கு முற்றிலும் முரண் என்று அறிவித்தபின் சான்று தேட எங்கே இடம்? 1633 ஜூன் 22 அன்று கலிலியோவை ‘தப்பறை (திருச்சபைக்கு முரணான கொள்கை) கொண்டவர் என வலுவாகச் சந்தேகிக்கப்படுபவர்’ என்று தீர்ப்பளித்தார்கள். கருதுகோள் என்று மொழிபெயர்த்தால் திருச்சபை பொறுமையாகச் சான்றுக்குக் காத்திருந்ததுபோல ஆகிவிடும்.

சரி, மாற்று என்ன? அனுமானம் வேண்டாம். தருக்க நூல்களில் அது அறிவைத் தரும் வழி, புகையைக் கண்டு நெருப்பை அறிவது. ஊகமும் ஒத்துவராது.

இலங்கைப் பாடநூல்களில் புழங்கும் ‘எடுகோள்’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வாதத்துக்காக எடுத்துக்கொள்வது, உண்மையா என்பது தனிக் கேள்வி. நம் கணிதப் புத்தகத்தில் ‘விலை x என்க’ என்று தொடங்குகிறோமே, அந்த ‘என்க’வின் இடம் இது. ‘கணக்கெடுகோள்’ என்று ஒட்டினால் கணக்கெடுப்பு ஞாபகம் வருகிறது, அதனால் ‘கணிப்பு எடுகோள்’ என்று பிரித்தே எழுதலாம்.

1820 நிகழ்ச்சியில் வைத்துப் பார்த்தேன்: “வானியல் பேராசிரியர் செத்தேலே பூமியின் இயக்கத்தைக் கணிப்பு எடுகோளாக எழுதாமல் உண்மையாக எழுதியதால், ரோமின் நூல் தணிக்கையாளர் அன்ஃபோசி அச்சிட அனுமதி மறுத்தார்.” இங்கே கருதுகோள் போட்டால் அன்ஃபோசி ஏன் மறுத்தார் என்பதே விளங்காது. (கடைசியில் திருச்சபையே அவரை மீறி அனுமதி கொடுத்தது, அது வேறு கதை.)

இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: எடுகோள் அங்கே நிறுவாமல் ஏற்கும் அடிப்படை உண்மைக்கும் வழங்குகிறதா? அப்படியென்றால் ‘கணிப்பு’ என்ற முன்னொட்டைக் கட்டாயம் சேர்த்தே எழுத வேண்டும்.